ஊதாச் சாயமும் ஊர்க் காற்றும்

மன்னார்க் கரையின் கதை – 12

சிப்பியைக் குவித்து அழுகவிட்டு, புழு தின்று தீர்த்தபின் கழுவி முத்தெடுத்த காலத்தில் அரிப்பு முதல் மரிச்சுக்கட்டி வரை கிளம்பிய நாற்றத்தைச் சென்ற இதழில் பார்த்தோம். அந்தக் கெட்ட காற்றை அறிய மூக்கே போதும். மூக்குக்கு எட்டாத கேட்டை அறிவது எப்படி? அதைச் சொல்லக்கூடிய உயிர் ஒன்று இலங்கையின் வறண்ட கரையோர மரங்களில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் அதனிடம் காற்றைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. பிய்த்து, உலர்த்தி, பொதி கட்டி இலண்டனுக்குக் கப்பலேற்றினார்கள்.

பொதியில் போன பாசி

பிரித்தானிய இலங்கையின் ஏற்றுமதிக் கணக்குகளில் கோப்பி, கறுவா, தெங்கெண்ணெய், காரீயம் என்று பெரிய சரக்குகள் முடிந்தபின் சில்லறைச் சரக்குகள் வரும். கருங்காலி, முதிரை, மான்கொம்பு ஆகியவற்றோடு ‘ஒர்ச்செல்லா’ என்றொரு பெயரும் அங்கே இருக்கும். வணிகர் அதைக் ‘களை’ என்று எழுதினார்கள். அது களையும் அல்ல, செடியும் அல்ல. நம் பாடப்புத்தகங்கள் இலைக்கன் என்று சொல்லும் உயிர் அது. பங்கசு ஒன்றும் அல்கா ஒன்றும் சேர்ந்து ஒரே உடலாக வாழ்வது. செட்டிநாட்டு மசாலையில் சேரும் கல்பாசியும் ஓர் இலைக்கன்தான்.

நம் பக்கத்து ஒர்ச்செல்லாவுக்கு அறிவியலில் ரொக்செல்லா மொன்டாக்னெயி என்று பெயர். புதுச்சேரியில் தாவரத் தோட்டப் பணிக்கு வந்த பிரெஞ்சுக்காரர் சார்ள்ஸ் பெலாஞ்சே 1838இல் இட்ட பெயர். பாசி, பங்கசுகளை ஆராய்ந்த தம் நாட்டவர் கமீல் மொந்தாஞ்ஞின் நினைவாக இட்டார். கடற்காற்றின் ஈரம் இதற்கு வேண்டும். ஆகவே கரையை ஒட்டிய பனை, உடை, கண்டல் போன்ற மரங்களே இதற்கு வீடு. பாக்குநீரிணைக்கு அப்பால் இராமநாதபுரக் கரையிலும் இதே கதைதான்.

கையில் எடுத்துப் பார்த்தால் அழகானதென்று சொல்ல முடியாது. தட்டையான, சாம்பல் வெள்ளைக் கிளைகள் ஒரு பிடியில் ஒட்டிக்கொண்டு கீழ்நோக்கித் தொங்கும். மேலே அங்கங்கே வெண்பொடி அப்பியிருக்கும். வெயிலில் விறைத்து, தொட்டால் முறியும். விடியற்காலைப் பனி பட்டால் துவண்டு தோலாகிவிடும். மேற்பரப்பை நகத்தால் மெல்லச் சுரண்டினால் அடியில் செம்மஞ்சள் தட்டும். உள்ளே குடியிருக்கும் அல்காவின் நிறம் அது. வெளிற்றும் தூளைக் கரைத்த நீரில் ஒரு துளி அதன்மேல் விட்டால் அந்த இடம் உடனே இரத்தச் சிவப்பாகும்; சற்று நேரத்தில் மங்கி மறையும். இந்தத் துளியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாரிசில் அதை மீண்டும் சந்திப்போம்.

அந்தச் சிவப்புக்குக் காரணமான பொருள்தான் வணிகர் தேடியது. இலைக்கனைப் பொடித்து, அமோனியா கலந்த நீரில் ஊறப்போட்டு, காற்றுப்படக் கிளறி, வாரக்கணக்கில் வைத்தால் கருஞ்சிவப்பும் ஊதாவுமான குழம்பு கிடைக்கும். அமோனியா கடையில் கிடைக்காத காலத்தில் புளித்த சிறுநீரே அந்த வேலையைச் செய்தது. பட்டிலும் கம்பளியிலும் சாயம் நன்றாகப் பிடிக்கும், பருத்தியில் பிடிக்காது, வெயில் பட்டால் வெளுக்கும். ஆனாலும் மத்தியதரைக் கடலின் சங்குச் சாயத்தோடு ஒப்பிட்டால் மலிவு. இந்தத் தொழிலைக் கிழக்கிலிருந்து கற்றுவந்து 14ஆம் நூற்றாண்டையொட்டிப் புளோரன்சில் பெரும் செல்வம் சேர்த்த குடும்பம் ருச்செல்லாய். பிறகு கனேரித் தீவுகள், கேப் வேர்டே, அங்கோலா, சன்சிபார், மொசாம்பிக் என்று வணிகர் கரை கரையாகப் போனார்கள். இலங்கையும் அந்த வரிசையில் ஒன்று.

1856இல் இலண்டனில் 18 வயது வில்லியம் பேர்க்கின் நிலக்கரித் தாரிலிருந்து ஊதாச் சாயம் செய்தார். ஒர்ச்செல்லா அன்றே செத்துவிடவில்லை; மலிவு அதைச் சில பத்தாண்டுகள் தாங்கிப்பிடித்தது. பிறகு ஆலைச் சாயங்கள் சந்தையை முழுதாகப் பிடித்துக்கொண்டன. இன்று அந்த வணிகத்தின் எச்சம் பள்ளிக்கூட ஆய்வுகூடங்களில் இருக்கிறது. அமிலத்தில் சிவக்கும் பாசிச்சாயத் தாளும், வெங்காய வேர்நுனியில் நிறமூர்த்தங்களைக் காட்டும் ஓர்சீனும் இந்தக் குடும்பத்து இலைக்கன்களிலிருந்து பிறந்தவை.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஏற்றுமதிக் கணக்கு எடையைச் சொன்னது, விலையைச் சொன்னது. எந்த ஊரின் எந்த மரத்தில் எவ்வளவு இருந்தது என்று சொல்ல அதற்கு அவசியம் இருக்கவில்லை. அந்தக் குறையின் விலை பின்னால் தெரியும்.

ஒரே ஆண்டில் இரண்டு கட்டுரைகள்

1822இல் பின்லாந்தின் ஊலு நகரில் பிறந்த வில்லியம் நைலண்டர் மருத்துவம் படித்தவர். ஹெல்சிங்கியில் தாவரவியல் பேராசிரியராக இருந்து, 1863இல் பதவியை விட்டுவிட்டுப் பாரிசில் குடியேறினார். தனி ஆள், சண்டைக்காரர். இலைக்கன் என்பது இரண்டு உயிர்களின் கூட்டு என்று சுவிஸ் நாட்டு சைமன் ஷ்வென்டனர் 1860களின் இறுதியில் சொன்னபோது, கடைசிவரை அதை ஒப்புக்கொள்ளாதவர். அந்த வழக்கில் அவர் தோற்றார். ஆனால் 1866இல் அவர் எழுதிய இரண்டு கட்டுரைகள் இன்றும் நிற்கின்றன.

முதலாவது, அந்தச் சிவப்புத் துளி. ஸ்கொட்லாந்து வேதியியலாளர் ஜோன் ஸ்டென்ஹவுஸ் 1848இலேயே, சாய இலைக்கனில் எவ்வளவு சரக்கு இருக்கிறதென்று மதிப்பிட வெளிற்றும் தூள் கரைசலைப் பரிந்துரைத்திருந்தார். வணிகருக்கான அந்தச் சோதனையை நைலண்டர் தாவரவியலுக்குக் கொண்டுவந்தார். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் இனங்களைத் துளி வேதிப்பொருளால் பிரித்தறியலாம் என்று காட்டினார். உலகெங்கும் இலைக்கன் ஆய்வாளர் பையில் இன்றும் அந்தக் குப்பி இருக்கிறது.

இரண்டாவது, பாரிசின் லக்சம்பேர்க் தோட்டத்து மரங்களைப் பற்றியது. நகரின் மற்ற இடங்களில் காணக்கிடைக்காத இலைக்கன்கள் அந்தத் தோட்டத்தில் செழித்திருந்ததை அவர் பட்டியலிட்டார். இவை காற்றின் நலத்தை அளக்கும் கருவி போன்றவை என்று முடிவுகட்டினார். நகரக் காற்றை அளக்க மரப்பட்டையைப் பார்க்கலாம் என்ற எண்ணம் ஒரு முறையாக உருப்பெற்றது அங்கேதான். ஆலைப்புகை சூழ்ந்த தென் லங்காஷயரில் இலைக்கன்கள் அருகிவருவதை லியோ கிரின்டன் 1859இலேயே எழுதியிருந்தார். நைலண்டர் அதை ஒரு தோட்டத்தின் பெயர்ப்பட்டியலாக ஆக்கினார்.

பட்டியலின் பெறுமதி முப்பது ஆண்டுகளில் தெரிந்தது. 1896இல் பாரிஸ் சுற்றுப்புற இலைக்கன்களைப் பற்றி எழுதியபோது, லக்சம்பேர்க் தோட்டத்தில் அவை ஒழிந்துபோனதை அவரே பதிவு செய்தார். நிலக்கரிப் புகை தோட்டத்துக்குள் வந்துவிட்டது. புகை குறைந்தபின் இலைக்கன்கள் அதே தோட்டத்துக்குத் திரும்பியதை 1991இல் மார்க் சீவார்டும் லெத்ருயி-கலினூவும் எழுதினார்கள். இருந்தது, ஒழிந்தது, திரும்பியது என்ற மூன்று சொற்களில் ஒரு நகரத்தின் காற்று வரலாறு அடங்குகிறது. 1866இன் பட்டியல் இல்லாவிட்டால் மற்ற இரண்டு சொற்களையும் சொல்ல வழியே இல்லை.

ஏன் இந்த உயிர்?

மரத்துக்கு வேர் உண்டு. இலையின்மேல் மெழுகுத் தோல் உண்டு. கெட்ட இலையை உதிர்த்துவிட்டுப் புதிதாகத் துளிர்க்கலாம். இலைக்கனுக்கு இந்த மூன்றும் இல்லை. மழை, பனி, தூசு வழியாக வருவதை உடம்பு முழுவதாலும் உறிஞ்சும். உறிஞ்சியதைத் தள்ளாமல் சேர்த்துவைக்கும். வளர்ச்சியும் மெதுவானது. பெரும்பாலான இனங்கள் ஆண்டுக்குச் சில மில்லிமீற்றர்தான் வளரும்.

நிலக்கரியை எரிக்கும்போது அதிலுள்ள கந்தகம் கந்தகவீரொட்சைட்டு வாயுவாகிறது. அது ஈரமான இலைக்கனில் கரைந்து அமிலமாகி, அல்காவின் பச்சையத்தைச் சிதைக்கும். ஒளித்தொகுப்பு நின்றால் அல்கா பட்டினி. அல்காவை நம்பிய பங்கசும் பட்டினி. கிளைத்துத் தொங்கும் இனங்கள் காற்றுக்கு அதிக உடம்பைக் காட்டுவதால் பொதுவாக முதலில் சாகும். அடுத்து இலைபோலப் படர்பவை. பட்டையோடு பட்டையாக அப்பிக்கிடக்கும் மேலோட்டு இனங்கள் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். ஒர்ச்செல்லா தொங்கும் வகை என்பதை இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும்.

20ஆம் நூற்றாண்டில் இந்த அறிவு வரைபடமானது. நகர நடுவில் மரங்கள் வெறுமையாக நிற்கும் பரப்பை ‘இலைக்கன் பாலைவனம்’ என்று சுவீடனின் ருட்கர் செர்னாண்டர் குறித்தார். 1926இல் ஸ்டொக்ஹோம் நகரை அவ்வாறு வலயங்களாகப் பிரித்து விவரித்தார். 1970இல் டேவிட் ஹொக்ஸ்வேர்த்தும் பிரான்சிஸ் ரோசும் இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் 0 முதல் 10 வரையான அளவுகோலை வெளியிட்டார்கள். கந்தகவீரொட்சைட்டின் குளிர்காலச் சராசரி கனமீற்றருக்கு 170 மைக்கிரோகிராமைத் தாண்டிய இடங்களில் மரத்தில் இலைக்கனே இராது; அடியில் பச்சைத் தூசாக அல்கா மட்டும் இருக்கலாம். மாசில்லாக் காற்றில் 10. கருவி வாங்க வசதியில்லாத ஊரும், மரம் பார்க்கத் தெரிந்த ஒருவர் இருந்தால் தன் காற்றைப் பற்றி ஓரளவு பேசலாம் என்றாயிற்று.

அதற்காக, இலைக்கனைக் கண்டதும் காற்று சுத்தம் என்று மகிழ்ந்துவிடக் கூடாது. லெக்கனோரா கொனிசயோய்டஸ் என்ற மேலோட்டு இனம் பிரித்தானியாவில் கந்தகப் புகையை வைத்தே பரவியது. காற்று திருந்தியதும் அருகிப்போனது. மாட்டுப்பண்ணை, உரம், வாகனப்புகை ஆகியவற்றின் நைதரசனை விரும்பும் இனங்களும் உண்டு. எத்தனை இருக்கின்றன என்பதோடு எவை இருக்கின்றன என்றும் கேட்க வேண்டும்.

இலங்கையின் பழைய பட்டியல்கள்

1849 முதல் பேராதனைத் தோட்டத்தை நடத்திய ஜோர்ஜ் திவெயிற்ஸ் பூக்கும் தாவரங்களோடு இலைக்கன்களையும் சேகரித்து அனுப்பினார். இங்கிலாந்தின் ஷ்ரொப்ஷயரில் வாழ்ந்த மதகுரு வில்லியம் லெயிற்றன் அவற்றை ஆராய்ந்து, 1870இல் லின்னியன் சங்க வெளியீட்டில் இலங்கை இலைக்கன்களின் பட்டியலை அச்சேற்றினார். நைலண்டரின் துளிச் சோதனையை ஆர்வத்தோடு கையாண்டவர் இந்த லெயிற்றன்.

நைலண்டரும் நம்மைத் தொட்டிருக்கிறார். ஐரோப்பா, ஆசியாவின் வடகடலைச் சுற்றிவந்த முதல் கப்பலான ‘வேகா’ 1879 டிசெம்பரில் இலங்கைக்கு வந்தது. அதன் மருத்துவர் ஏர்ன்ஸ்ட் ஆல்ம்கிவிஸ்ட் இலைக்கன் ஆய்வாளரும்கூட. அவர் சேகரித்தவை நைலண்டரின் மேசைக்குப் போயின. 1899இல் நைலண்டர் இறந்தார். இலங்கை இலைக்கன்களைப் பற்றிய அவரது இலத்தீன் கட்டுரை 1900இல் வெளிவந்தது. பாரிசின் காற்றை மரப்பட்டையில் படித்தவரின் கடைசி வேலைகளில் ஒன்று நம் தீவின் பட்டியல்.

இத்தகைய பட்டியல் என்ன செய்யும் என்பதற்குக் கல்கத்தா சாட்சி. 1860களில் சுல்பிஸ் குர்ஸ் அங்கே சேகரித்த இலைக்கன்களையும் இனங்கண்டு எழுதியவர் நைலண்டரே. லக்னோ தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் உப்ரெட்டியும் குழுவினரும் 2005இல் ‘கரண்ட் சயன்ஸ்’ இதழில், கொல்கத்தாவில் இன்னும் இலைக்கன் வளர்கிறதா என்று கேட்டுக் கட்டுரை எழுதினார்கள். ‘இன்னும்’ என்று கேட்க முடிந்ததே பழைய பட்டியலின் கொடை. சாலையோர மரங்களில் சாம்பல் வட்டமாகப் படரும் பிக்சின் கொகோயஸ் போன்ற தாக்குப்பிடிக்கும் இனங்களைப் பகுத்து, அவற்றில் சேர்ந்த ஈயம் முதலான உலோகங்களை அளக்கும் வேலையையும் அதே நிறுவனம் செய்துவருகிறது.

இலங்கையில், மரப்பட்டை இலைக்கன்களின் பல்வகைமை வெப்பவலயத்தில் வளி மாசைக் காட்டுமா என்ற ஆய்வு 2013இல் தேசிய விஞ்ஞான மன்றத்தின் சஞ்சிகையில் வந்தது. தொடர்ந்து நகரையும் கிராமத்தையும் ஒப்பிடும் ஆய்வுகள் பல்கலைக்கழகங்களில் நடக்கின்றன. இனங்காணும் வேலை இன்னும் முடிந்தபாடில்லை. கோதமி வீரகோனும் நெதர்லாந்தின் அன்ட்ரே அப்ட்ரூட்டும் 2014இல் ஒரே கட்டுரையில் இலங்கைக்குப் புதிதாக 200க்கும் மேற்பட்ட இனங்களைச் சேர்த்தார்கள். அடுத்த ஆண்டு வீரகோனின் படநூலும் வந்தது.

மன்னாரில் எப்படிப் படிப்பது?

திவெயிற்ஸ் முதலானோர் நாட்டம் பெரும்பாலும் ஈரமான மலைநாட்டில். மன்னார் போன்ற வறண்ட கரை அவர்களுக்கு முத்தும் உப்பும் சார்ந்த இடம். இந்தக் கரைப்பக்கத்து இலைக்கனுக்கு அந்தக் காலம் தந்த கவனம் பெரிதும் சுங்கக் கணக்கில்தான் இருக்கிறது.

இதனால் மன்னாரில் வெறும் பட்டையைப் பார்த்ததும் காற்று கெட்டது என்று சொல்லிவிட முடியாது. மழை பெரும்பாலும் வாடைக்காலத்து இரண்டு மூன்று மாதங்களில் பெய்து ஓய்ந்துவிடும். சோளகக் காற்று மாதக்கணக்கில் உப்பையும் மணலையும் வாரி அடிக்கும். இந்த வறட்சியையும் உப்பையும் தாங்கும் இனங்கள்தான் இங்கே நிற்கும். அவை இயல்பாகவே குறைவு. இங்கிலாந்து அளவுகோலை அப்படியே கொண்டுவந்து வைத்தால் பேசாலைக் காற்று மன்செஸ்டர்க் காற்றாகத் தெரியும். போதாததற்குச் சாய வணிகம் வேறு. மெதுவாக வளரும் ஓர் உயிரைப் பொதி பொதியாகப் பிய்த்த கரையில், ஒரு மரத்தில் ஒர்ச்செல்லா இல்லையென்றால் காரணம் புகையா, கையா?

இந்தக் கேள்வி ஏட்டோடு நிற்கும் கேள்வி அல்ல. மன்னார் வளைகுடாவின் இரு கரையிலும் புகைபோக்கிகள் எழுந்துவிட்டன. அக்கரையில் தூத்துக்குடி அனல் மின்நிலையம் 1979இல் ஓடத் தொடங்கியது. அதன் ஐந்து அலகுகளின் கொள்ளளவு 1,050 மெகாவாற். அதே ஊர்த் தாமிர உருக்காலையின் வாயு பற்றிய முறைப்பாடுகளும், அதை எதிர்த்துத் திரண்டவர்கள்மீது 2018 மே 22ஆம் திகதி நடந்த துப்பாக்கிச் சூடும், அதையடுத்து ஆலை மூடப்பட்டதும் வாசகர் அறிந்தவை. இக்கரையில், மன்னாருக்குத் தெற்கே கற்பிட்டிக் குடாநாட்டின் நுரைச்சோலையில் லக்விஜய நிலக்கரி மின்நிலையத்தின் முதல் அலகு 2011இல் இயங்கியது. இப்போது மூன்று அலகுகள், 900 மெகாவாற். சோளகம் அடிக்கும் மாதங்களில் அங்கே காற்று வடகிழக்கே, வில்பத்துப் பக்கமாகப் போகும்.

வாடைக்காலத்திலும் காற்று வெறுங்கையோடு வருவதில்லை. 2022 டிசெம்பரில் மாண்டஸ் புயலின்போது வடக்கிலிருந்து வந்த தூசுமூட்டம் யாழ்ப்பாணம் முதல் கொழும்பு வரை வானத்தை மங்கவைத்தது. 9ஆம் திகதி நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. அந்த ஒரு நாளை இலைக்கன் காட்டாது. அதற்குக் கருவிதான் வேண்டும். ஆண்டுக்கணக்கில் ஊரின் தலையில் இறங்குவதன் கூட்டுத்தொகையை இலைக்கன் காட்டும். கருவியும் இலைக்கனும் ஒன்றுக்கொன்று பதிலாகா.

மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசெம்பரில் திறந்த தம்பபவனி நிலையத்தின் 30 காற்றாலைகள் 103.5 மெகாவாற் தருகின்றன. காற்றாலையாலும் மணல் அகழ்வாலும் தீவுக்கு என்ன நேரும் என்ற விவாதம் சூடாக நடக்கிறது. அந்த விவாதத்தில் எந்தப் பக்கம் நின்றாலும், இங்கே புகைபோக்கி குறைவு என்பது உண்மை. பட்டியல் எடுக்க ஏற்ற காலம் அதுவே. லக்சம்பேர்க் தோட்டம் செழிப்பாக இருந்தபோது நைலண்டர் எழுதினார். அதனால்தான் பிறகு வந்த இழப்பு நிரூபணமாயிற்று. கெட்டபின் எடுக்கும் பட்டியல் பிரேதப் பரிசோதனைதான்.

வேலை பெரிய வேலையல்ல. ஐரோப்பிய முறையில், நிமிர்ந்து வளர்ந்த மரத்தின் நான்கு திசைகளிலும், தரையிலிருந்து ஒரு மீற்றர் உயரத்தில், பத்துச் சென்ரிமீற்றர்ச் சதுரங்கள் ஐந்து கொண்ட ஏணிச் சட்டத்தை வைத்து, எந்த இனம் எத்தனை சதுரத்தில் இருக்கிறது என்று எண்ணுவார்கள். தாழ்வுபாட்டிலும் தலைமன்னாரிலும் வங்காலையிலும் விடத்தல்தீவிலும் ஒரே வகை மரங்களைத் தேர்ந்து, இடத்தைக் குறித்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்தால் போதும். இனங்காணப் பல்கலைக்கழகத்தின் துணை வேண்டும். சட்டம் வைக்கவும் எண்ணவும் உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகளால் முடியும். ஒர்ச்செல்லாவைக் கண்டால் பிய்க்காமல் படம் எடுத்து எழுதிக்கொள்ளட்டும். இந்தக் கரையின் அந்த உயிரை இடம் குறித்து எண்ணும் கணக்காக அது இருக்கும்.

அந்தக் கணக்கில் ஒரு பத்தியைப் புகையிரதப் பாதைக்கு ஒதுக்க வேண்டும். தீவுக்குள் நிலக்கரிப் புகையை நாள்தோறும் கொண்டுவந்தது புகையிரதம். 1914இல் தலைமன்னார்ப் பாதையும் தனுஷ்கோடிக் கப்பலும் திறந்தபோது யார் வந்தார்கள், யார் போனார்கள், தீவு எப்படி மாறியது என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.